மரச்சீனியிலிருந்து ஃப்ரக்டோஸ் பாகு: தேனீக்குத் தீனியாகுமா?

அடுக்குப்பெட்டி · ஞாயிறு, இரவு 8:52

எல்லோருக்கும் வணக்கம். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறேன். நாற்பது பெட்டி வைத்திருக்கிறேன், எல்லாம் நம்ம நாட்டு அடுக்குத்தேனீ.

இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்துவிட்டது. ரப்பர் தேன் எடுத்து முடித்து இரண்டு மாதம் ஆகிறது. வெளியே பூ இல்லை, இருக்கிற பூவிலும் மழைத்தண்ணீர்தான் நிற்கிறது. நேற்றுப் பெட்டியைத் திறந்தால் மூலையில் கொஞ்சம் மூடின தேன், மற்ற அறையெல்லாம் காலி. வழக்கம்போல சீனிப்பாகு காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி, ஈ முங்கிச் சாகாமல் இருக்க நாலு ஈர்க்குச்சியும் போட்டு வைக்கிறேன். நாற்பது பெட்டிக்கும் வாராவாரம் இப்படி வைத்தால் சீனிச்செலவு கையைக் கடிக்கிறது.

இன்னொரு பக்கம், ரப்பர் மறுநடவு செய்த அரை ஏக்கரில் ஊடுபயிராக மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு, போட்டிருந்தேன். நல்ல விளைச்சல். வியாபாரி கிலோ 15 ரூபாய்க்குக் கேட்கிறார், அதுவும் ஏதோ எனக்கு உபகாரம் செய்கிற மாதிரி.

வாட்சாப்பில் ஒரு வீடியோ வந்தது. மாவுச்சத்தில் நுண்ணுயிர் நொதி போட்டால் ஃப்ரக்டோஸ் பாகு ஆகிவிடுமாம். தேனில் அதிகமாக இருக்கிற சர்க்கரையும் ஃப்ரக்டோஸ்தானே? கிழங்கு வீட்டில் கிடக்கிறது, பேரிலேயே சீனியும் இருக்கிறது. இதை நாமே செய்து ஈக்கு வைக்க முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேளிமலைக்காற்று · ஞாயிறு, இரவு 9:10

கிழங்கை அவித்து மத்திக்கறி ஊற்றிச் சாப்பிடுங்கள் அண்ணே. ஈக்கு எதற்கு? விசாகம் திருநாள் மகாராஜா 1880-களில் திருவிதாங்கூர் முழுக்க இந்தக் கிழங்கைப் பரப்பியது ஜனங்களின் பசிக்கு. 1942-ல் பர்மா அரிசி நின்றபோது எங்க பாட்டி வீட்டில் மூன்று நேரமும் இதுதான் என்று சொல்வார்கள்.

கோதையாறு77 · ஞாயிறு, இரவு 10:31

மன்னிக்கணும், வெளிப்படையாகவே கேட்கிறேன். பாகு தேனீக்கா, தேன் டப்பாவுக்கா?

2020 டிசம்பரில் டெல்லியில் இருக்கிற சி.எஸ்.இ. என்ற சுற்றுச்சூழல் அமைப்பு 13 பிராண்டுத் தேனை ஜெர்மனி ஆய்வகத்துக்கு அனுப்பியதும், கலப்படம் கண்டுபிடிக்கிற என்.எம்.ஆர். சோதனையில் 10 தோற்றதும் பேப்பரில் வந்தது. அதில் பேசப்பட்டதும் இதே மாதிரிப் பாகுதான். கரும்பு, மக்காச்சோளப் பாகு கலந்தால் கார்பன் ஐசோடோப் சோதனை காட்டிக்கொடுக்கும், ஏனென்றால் அந்தச் செடிகள் காற்றிலிருந்து கார்பனைப் பிடிக்கிற வழி வேறு. அரிசிக்கும் மரச்சீனிக்கும் தேன் தருகிற பெரும்பாலான செடிகளுக்கும் ஒரே வழி. அதனால் அந்தச் சோதனையில் சிக்காது. இதெல்லாம் தெரிந்துதான் மரச்சீனி என்கிறீர்களா?

அடுக்குப்பெட்டி · ஞாயிறு, இரவு 10:58

எனக்கு ஐசோடோப்பும் தெரியாது, ஜெர்மனியும் தெரியாது. அப்பா 1991-க்கு முன்னால் அறுபது பெட்டி வைத்திருந்தார். அந்த வருடம் தாய்லாந்து சாக்புரூட் என்கிற வைரஸ் நோய் வந்து புழுவெல்லாம் பை மாதிரி தண்ணீர் கோர்த்துச் செத்தது. அறுபதில் மிஞ்சியது மூன்று. அதிலிருந்து பிரித்துப் பிரித்து உண்டாக்கியவைதான் இந்த நாற்பதும். கலப்படம் செய்து பிழைக்க வேண்டுமென்றால் எனக்கு ஈ எதற்கு, ஒரு அண்டா போதாதா?

கேட்டது மழைக்காலத் தீனிக்கு. பூக்காலத்தில் எங்கள் வீட்டில் யாரும் பாகு வைப்பதில்லை.

நொதிக்காரி · திங்கள், காலை 6:47

சண்டை வேண்டாம், இரண்டு பேர் கேட்பதும் நியாயம்தான்.

நான் நாகர்கோவில். சேலம் பக்கம் ஒரு ஸ்டார்ச் ஆலையில் ஆறு வருடம் லேபில் இருந்தேன், இப்போது ஊரோடு வந்துவிட்டேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மணிகளைக் கோத்த நீளச் சரம், நடுநடுவே கிளையும் உண்டு. அதில் ஃப்ரக்டோஸ் ஒரு மணிகூடக் கிடையாது. அதனால் சரத்தை அறுத்து மணியை உதிர்ப்பது ஒரு வேலை, உதிர்ந்த மணியை வேறு மணியாக மாற்றுவது இன்னொரு வேலை. வீடியோக்காரர்கள் முதல் வேலையைக் காட்டிவிட்டு இரண்டாவதை ஒரு வரியில் தாண்டிப்போவார்கள்.

அறுக்க இரண்டு நொதி வேண்டும். ஆல்ஃபா அமைலேஸ் முதலில். பேசிலஸ் லைக்கனிஃபார்மிஸ் போன்ற பாக்டீரியாவை வளர்த்து எடுப்பது. மாவுப்பாலில் அதைக் கலந்து நீராவி பாய்ச்சி 105 டிகிரி வரை சில நிமிடம் ஏற்றி, பிறகு 95 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் நிறுத்துவார்கள். சாதாரண நொதி அந்தச் சூட்டில் வெந்துபோகும், இது போகாது. சேர்ந்த புதிதில் லேபில் பார்த்தது இன்னும் கண்ணில் இருக்கிறது: பீக்கரில் பசைபோல இறுகிய மரவள்ளி மாவுக்கஞ்சி, கண்ணாடிக்குச்சியை நட்டால் நிற்கும். நொதி நாலு சொட்டு விட்டுக் கிண்டினேன். ஐந்து நிமிடத்துக்குள் குச்சி சாய்ந்தது, பத்து நிமிடத்தில் ரசம் மாதிரி ஓடியது. ஆனால் வாயில் வைத்தால் இனிப்பு அவ்வளவாக இருக்காது. சரம் துண்டாகியிருக்கிறது, மணி உதிரவில்லை.

பிறகு குளுக்கோஅமைலேஸ். இது அஸ்பர்ஜில்லஸ் நைகர் பூஞ்சையிலிருந்து. பெரிய வெங்காயத் தோலுக்கு அடியில் கருப்புப் பொடியாக இருக்குமே, அதே பூஞ்சை. 60 டிகிரி, நல்ல புளிப்பு நிலை, அதாவது பி.எச். 4.5 சுற்றி. ஒன்றிலிருந்து மூன்று நாள். சரத்தின் நுனியிலிருந்து மணி மணியாகக் கழற்றும். கிளைகளை வெட்ட புல்லுலனேஸ் என்று இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டால் கடைசியில் 95 சதவீதம் குளுக்கோஸ்.

இனித்தான் விஷயமே இருக்கிறது. குளுக்கோஸ் ஐசோமரேஸ். இந்தப் பேர் கொஞ்சம் ஏமாற்றுப்பேர். பாக்டீரியா இதை வைத்திருப்பது சைலோஸ் என்ற மரக்கட்டைச் சர்க்கரையை மாற்ற. குளுக்கோஸை மாற்றுவது அதற்குப் பக்கவேலை மாதிரி. 1957-ல் அமெரிக்காவில் மார்ஷல், கூயி இருவரும் இதைக் கண்டுபிடித்து எழுதினார்கள். ஆனால் அவர்களுடைய நொதி வேலை செய்ய ஆர்சனேட் வேண்டியிருந்தது. பாஷாணத்தைப் போட்டுச் சர்க்கரை செய்து யார் தின்பது? 1960-களில் ஜப்பானில் தகசாகி என்பவர் ஸ்ட்ரெப்டோமைசிஸ் நுண்ணுயிரிலிருந்து ஆர்சனேட் கேட்காத நொதியை எடுத்தார். விலைகூடிய சைலோஸ் ஊற்றி வளர்க்காமல் கோதுமைத் தவிட்டிலேயே அதை வளர்த்தார். தொழில் நடந்தது அந்தத் தவிட்டால்தான் என்பேன். 1967-ல் அமெரிக்காவில் முதல் பாகு விற்பனைக்கு வந்தது. பிறகு நொதியைக் குருணையாக்கித் தூணில் நிரப்பி, ஒரு பக்கம் குளுக்கோஸ் ஊற்றினால் மறுபக்கம் கலவை வருகிற ஏற்பாடு. ஒரு தூண் மாதக்கணக்கில் உழைக்கும்.

இந்த நொதிக்கு 55-60 டிகிரி, பி.எச். 7.5-க்கு மேல், மக்னீசியம் வேண்டும், கால்சியம் ஆகாது. வேடிக்கை என்னவென்றால் முதல் நொதிக்குக் கால்சியம் வேண்டும்! அங்கே இருக்கிற கால்சியத்தை இங்கே வருவதற்குள் ரெசினில், அதாவது உப்பைப் பிடித்துக்கொள்கிற பிசின் மணிகளில், வடித்து எடுத்தாக வேண்டும். எங்கள் ஆலையில் சோதனைக்காக ஒரு சின்ன ஃப்ரக்டோஸ் தூண் ஓட்டினார்கள். ஒரு ராத்திரி ஷிப்டில் ரெசினைக் கழுவாமல் விட்டுவிட்டார்கள். காலையில் நான் போலரிமீட்டரில் பார்க்கிறேன். குளுக்கோஸ் ஒளியை வலப்பக்கம் திருப்பும், ஃப்ரக்டோஸ் இடப்பக்கம் இன்னும் பலமாகத் திருப்பும். அதனால் தூணில் இறங்கி வரும் பாகில் எண் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. மறுநாள் இன்னும் மோசம். அந்த வாரமே தூணைக் காலி செய்தார்கள். திட்டு வாங்கியது ராத்திரி ஷிப்ட் இல்லை, நான்.

சரி, எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் முழுக்க ஃப்ரக்டோஸ் ஆகாது. குளுக்கோஸ் ஃப்ரக்டோஸாகும்போதே ஃப்ரக்டோஸ் திரும்பக் குளுக்கோஸாகும். 60 டிகிரியில் ஏறக்குறைய பாதிக்குப் பாதியில் இரண்டும் சமமாகி நிற்கும். அதுவரை காத்திருந்தால் நேரம் போகும் என்று 42 சதவீதத்தில் எடுத்துவிடுவார்கள். குளிர்பானத்துக்குப் போகிற 55 சதவீதப் பாகு, இதைப் பிரித்து 90 ஆக்கித் திரும்பக் கலந்தது.

வீட்டில் முடியுமா என்றால், முதல் இரண்டு படி தட்டுத்தடுமாறி முடியும். மூன்றாவது முடியாது அண்ணே. அந்த நொதி பாக்டீரியாவின் உடம்புக்குள்ளே இருப்பது, எதையாவது புளிக்கவைத்தால் தானாக ஊறி வராது.

வேளிமலைக்காற்று · திங்கள், காலை 7:15

அப்போ மத்திக்கறிதான்.

அடுக்குப்பெட்டி · திங்கள், மதியம் 1:20

நொதிக்காரி, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி தங்கச்சி. ஒரு கணக்கு மட்டும் சொல்லுங்கள். நூறு கிலோ கிழங்குக்கு எவ்வளவு கிடைக்கும்? நாலைந்து பேர் சேர்ந்து மெஷின் போட்டால்?

நொதிக்காரி · திங்கள், மதியம் 2:05

பச்சைக்கிழங்கில் மாவுச்சத்து கால் பங்கு என்று வையுங்கள். நூறு கிலோவுக்கு 25 கிலோ மாவு. சரம் அறும்போது ஒவ்வொரு வெட்டிலும் தண்ணீர் சேர்வதால் 25 கிலோ மாவு கணக்குப்படி 27 கிலோவுக்கும் மேல் குளுக்கோஸாகும். அதில் 42 சதவீதம் மாறினால் பதினொன்றரை கிலோ ஃப்ரக்டோஸ், மீதி குளுக்கோஸ். இது துளிச் சேதாரமும் இல்லாத காகிதக் கணக்கு.

உங்கள் வியாபாரி விலைக்கே கிழங்கு 1500 ரூபாய். அதே 27 கிலோ சீனி கடையில் 44 ரூபாய் என்றால் 1200-க்கும் கீழே. நொதி, விறகு, ரெசின், கரி எதுவும் இன்னும் கணக்கில் வரவில்லை. அமெரிக்காவில் இது ஓடியதற்குக் காரணம் அங்கே இறக்குமதிச் சீனிக்குக் கட்டுப்பாடு, மக்காச்சோளம் மலிவு. நமக்குக் கரும்புச் சீனி மலிவு. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் இருக்கிற கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தில் மரவள்ளியிலிருந்து ஃப்ரக்டோஸ் பாகு எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நம்மிடமிருந்து இரண்டு மணி நேரப் பயணம்தான். எடுக்க முடியும், அதில் சந்தேகமில்லை. கட்டுபடியாகுமா என்பதுதான் கேள்வி.

பனையடி · திங்கள், இரவு 9:33

நான் இந்த மாதிரி இடத்தில் எழுதுவது குறைவு. பேரன் டைப் செய்து தருகிறான்.

மக்களே, நீங்கள் சொன்ன பேரெல்லாம் எனக்கு வாயில் நுழையவில்லை. ஆனால் ஒரு சந்தேகம். எங்களுக்குப் பனைத்தொழில். அப்பா காலையும் சாயந்திரமும் ஏறுவார், அம்மா அக்கானி, அதாவது பதநீர், காய்ச்சுவாள். கலயத்துக்கு உள்ளே சுண்ணாம்பு தடவித்தான் பாளையில் கட்டுவார்கள். தடவாமல் கட்டினால் இறக்கும்போது கள்ளு. அது எல்லோருக்கும் தெரியும். நான் சொல்வது நடுவில் இருக்கிற ஒன்று.

சுண்ணாம்பு குறைந்த கலயத்து அக்கானி, நாக்குக்குத் தெரியாது. இனிப்பாகவே இருக்கும், நுரையும் பெரிதாக இராது. காய்ச்சினால் பொங்கும், ஆமணக்குமுத்தைத் தட்டிப் போட்டால் அடங்கும். எல்லாம் ஒழுங்காகப் போகிற மாதிரி இருக்கும். அம்மா பதம் பார்க்க அகப்பையில் எடுத்துத் தண்ணீரில் விடுவாள். நல்ல அக்கானி என்றால் அடியில் போய் உருண்டையாக நிற்கும், எடுத்து எறிந்தால் டக் என்று சத்தம் வரும். கெட்டது உருண்டையாகாது, விரலில் இழுபடும். எவ்வளவு நேரம் வற்றவைத்தாலும் நிறம் கறுக்குமே தவிர சிரட்டையில் ஊற்றினால் உறையாது. மறுநாளும் பாணியாகவே கிடக்கும். அம்மா எதுவும் பேசமாட்டாள், அப்பாவைப் பார்ப்பாள். அப்பா சுண்ணாம்புக் குடுவையைப் பார்ப்பார்.

அந்தப் பாணி கருப்பட்டியைவிட இனிக்கும். பிள்ளைகளுக்குத்தான் கொண்டாட்டம், கிழங்கைத் தொட்டுத் தின்போம். இதுவும் நீங்கள் சொல்கிற சங்கதிதானா?

நொதிக்காரி · திங்கள், இரவு 10:12

அண்ணாச்சி, அதேதான்! நான் இவ்வளவு எழுதினேன், இது எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

அக்கானியில் இருப்பது சுக்ரோஸ், நம்ம கடைச் சீனியும் அதுவே. ஒரு குளுக்கோஸும் ஒரு ஃப்ரக்டோஸும் கைகோத்தது. காற்றிலிருந்தும் பாளையிலிருந்தும் கலயத்தில் விழுகிற ஈஸ்ட்டிடம் இன்வர்ட்டேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. ஈஸ்ட் கள்ளாக்குவதற்கு முன்னால் செய்கிற முதல் வேலை, இந்தக் கையைப் பிரித்துவிடுவது. கலயத்தில் அக்கானி புளிக்கப் புளிக்க அந்தப் புளிப்பும் நொதிக்குத் தோதாக இருக்கும், அடுப்புச் சூட்டில் புளிப்பே மீதியையும் கொஞ்சம் பிரிக்கும். பிரிந்தால் ஃப்ரக்டோஸ் கூடும், நாக்குக்கு இனிப்பும் கூடும். ஆனால் கட்டி பிடிப்பது சுக்ரோஸின் குணம். பிரிந்த சர்க்கரை கூடினால் மீதி சுக்ரோஸையும் உறையவிடாது. அதனால்தான் அம்மா கையில் இழுபட்டது. சுண்ணாம்பு புளிப்பை முறித்து, ஈஸ்ட்டையும் அடக்கி, நொதியையும் மந்தமாக்கும்.

ஆக, ஆலைக்காரன் கோடி ரூபாய் போட்டு நொதியால் ஃப்ரக்டோஸ் எடுக்கிறான். நம்ம ஊரில் அது தானாக வந்துவிடக்கூடாது என்று தினமும் இரண்டு வேளை சுண்ணாம்பு தடவியிருக்கிறார்கள்.

பனையடி · செவ்வாய், காலை 5:50

சுண்ணாம்பு கூடினாலும் ஆகாது மக்களே. கருப்பட்டி கரிக்கும், வெளுத்தும் போகும். அளவு அப்பா கைக்குத்தான் தெரியும்.

சுகர்மாமா · செவ்வாய், காலை 8:04

குறுக்கே ஒரு கேள்வி. எனக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. ஃப்ரக்டோஸ் ரத்தச் சர்க்கரையை ஏற்றாது என்று ஒரு கடையில் பாக்கெட் நீட்டினார்கள். அப்படியென்றால் தேனும் இந்தப் பாணியும் நான் சாப்பிடலாமா?

நொதிக்காரி · செவ்வாய், காலை 8:40

வேண்டாம் மாமா. ஃப்ரக்டோஸ் தனியாகச் சாப்பிட்டால் ரத்தத்தில் குளுக்கோஸ் மெதுவாகத்தான் ஏறும், அது உண்மை. ஆனால் அதைச் செரிக்கிற பாரம் பெரும்பாலும் ஈரல் தலையில் விழும். அளவு மிஞ்சினால் ஈரலில் கொழுப்பு, யூரிக் ஆசிட் எல்லாம் கூடும். தேனிலும் பாணியிலும் ஃப்ரக்டோஸோடு குளுக்கோஸும் சேர்ந்தே இருக்கிறது, அது உங்கள் மீட்டரில் அப்படியே தெரியும். மீதியை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், என்னிடம் இல்லை.

தோவாளைப்பூ · செவ்வாய், மாலை 6:25

நொதிக்காரி அக்கா, ஃப்ரக்டோஸ் நேரடியாகவே சரமாக இருக்கிற செடி உண்டு என்று காலேஜில் படித்த ஞாபகம். இன்யூலின். ஆனைக்கற்றாழையில் இருக்கிறதாமே? இங்கே வேலி முழுக்க அதுதான்.

சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது, போன மாதம் ஒரு கற்றாழைத் தண்டை வெட்டிச் சாறு பிழிந்து பார்த்தேன். முழங்கை வரை தடித்து இரண்டு நாள் அரிப்பு. அம்மா விளக்குமாற்றை எடுத்தாள்.

நொதிக்காரி · செவ்வாய், இரவு 9:01

கற்றாழைச் சாற்றில் ஊசி மாதிரி நுண்ணிய கால்சியம் ஆக்சலேட் படிகம் இருக்கும், அதுதான் குத்தியது. இனிக் கையுறை இல்லாமல் தொடாதே பிள்ளே.

ஆனால் நீ கேட்டது நல்ல கேள்வி. ஃப்ரக்டோஸுக்கு ஒழுங்கான வழி அதுதான். இன்யூலினை 1804-லேயே ரோஸ் என்ற ஜெர்மானியர் ஒரு வேரிலிருந்து பிரித்தெடுத்தார். ஃப்ரக்டோஸ் மணிகளின் சரம், ஒரு நுனியில் மட்டும் ஒரு குளுக்கோஸ். அதனால் அறுத்தால் போதும், மாற்ற வேண்டிய வேலையே இல்லை. அறுக்கிற நொதி இன்யூலினேஸ். குளுவெரோமைசிஸ் மார்க்சியானஸ் என்ற ஈஸ்ட் தருகிறது, நம்ம பழைய அஸ்பர்ஜில்லஸும் தருகிறது. 50-55 டிகிரியில் ஒரே படியில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் ஃப்ரக்டோஸ். ஐசோமரேஸ் மூன்று படி ஏறி 42-ல் மூச்சுவாங்கி நிற்கிற இடத்தை இது ஒரே தாவலில் தாண்டிவிடும்.

செடிதான் பிரச்சினை. டாலியாக் கிழங்கு, சிக்கரி வேர் இதிலெல்லாம் நிறைய. சிக்கரி என்றால் காபிப்பொடியில் கலக்கிற அதே சிக்கரி. வறுக்கும்போது இன்யூலின் உடைந்து கருகுவதுதான் அந்த நிறமும் லேசான இனிப்பும். நம்ம மாவட்ட மழைக்கு அது தோதில்லை. நம்மிடம் இருப்பது தண்ணீர்விட்டான் கிழங்கு, பூண்டு, உள்ளி. இதிலெல்லாம் ஃப்ரக்டோஸ் சரம் உண்டு, ஆனால் உள்ளியைப் போட்டுப் பாகு காய்ச்சினால் வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள்.

மட்டுறுத்துநர் · செவ்வாய், இரவு 9:30

தலைப்பை விட்டு ரொம்பத் தூரம் போகவேண்டாம். உள்ளி விலை பற்றி வந்த மூன்று பதில்களைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன்.

அடுக்குப்பெட்டி · வியாழன், இரவு 7:44

நான் சும்மா இருக்கவில்லை. பழைய புத்தகம் ஒன்றில் முளைகட்டின தானியத்திலும் மாவை உடைக்கிற நொதி உண்டு என்று இருந்தது. வீட்டில் கேழ்வரகை முளைகட்டி, நிழலில் காயவைத்து, லேசாகத் திரித்துக்கொண்டேன். ஐந்து கிலோ கிழங்கை அவித்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, மசித்துக் கஞ்சியாக்கினேன். கை பொறுக்காத சூடு, ஆனால் கொதி இல்லை, அந்த நிலையில் மாவைப் போட்டுக் கிண்டி, பானையைச் சாக்கால் சுற்றி வைக்கோலுக்குள் இறக்கிவிட்டேன்.

மூன்று மணி நேரம் கழித்துத் திறந்தால் தண்ணியாக ஓடுகிறது. வாயில் வைத்தேன், நல்ல இனிப்பு! மகள் பள்ளிக்கூடத்தில் படித்ததை வைத்து வீட்டில் கிடந்த பெட்டாடினை ஒரு சொட்டு விட்டாள். முதலில் எடுத்துவைத்த கஞ்சி மை மாதிரி நீலக்கறுப்பு. இப்போது எடுத்தது செம்பழுப்பு. வடிகட்டி வற்றவைத்தால் இரண்டு சிரட்டைக்குப் பாகு.

ஐசோமரேஸ் இல்லாமலே இவ்வளவு இனிக்கிறதே, இதை ஈக்கு வைக்கட்டுமா? ஒரு பெட்டிக்கு மட்டும் வைத்துப் பார்க்கலாமா?

நொதிக்காரி · வியாழன், இரவு 8:02

வைக்காதீர்கள் அண்ணே, தயவுசெய்து. வைத்துவிட்டீர்களா?

அடுக்குப்பெட்டி · வியாழன், இரவு 8:06

இல்லை இல்லை. நாளைக் காலைக்கென்று மூடி வைத்திருக்கிறேன்.

நொதிக்காரி · வியாழன், இரவு 8:39

நல்லவேளை. முதலில், நீங்கள் செய்தது அருமையான வேலை, லேபில் இதைத்தான் காசு வாங்கிக்கொண்டு செய்தோம். ஆனால் அந்த இனிப்பு ஃப்ரக்டோஸ் இல்லை, மால்ட்டோஸ். இரண்டு குளுக்கோஸ் ஒட்டினது. முளைத்தானிய நொதி அதோடு நின்றுவிடும்.

செம்பழுப்பு நிறம் வந்தது என்றீர்களே, அதுதான் முக்கியம். மாவு முழுக்க உடைந்திருந்தால் பெட்டாடினில் இருக்கிற அயோடின் தன்னுடைய மஞ்சள் நிறத்திலேயே நிற்கும். செம்பழுப்பு என்றால் டெக்ஸ்ட்ரின் என்கிற பாதித்துண்டுகள் நிறைய மிச்சம் இருக்கிறது. அது நமக்குச் செரிக்கும், தேனீக்குச் செரிக்காது. மழையில் வெளியே பறக்க முடியாமல் பெட்டிக்குள்ளேயே அடைந்து கிடக்கிற ஈக்கு வயிற்றுப்போக்கு வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். சில பேர் சீனிப்பாகில் எலுமிச்சை பிழிந்து ரொம்ப நேரம் காய்ச்சுகிறார்கள். புளிப்பும் சூடும் சேர்ந்தால் சுக்ரோஸ் பிரியும், வாஸ்தவம். ஆனால் ஃப்ரக்டோஸ் அந்த நிலையில் எச்.எம்.எஃப். என்ற பொருளாக மாறும். நம்ம தேன் தரக்கட்டுப்பாட்டில் கிலோவுக்கு 80 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்திருப்பது அதற்குத்தான். ஈக்கு அது விஷம்.

தேனீக்கு நாம் பிரித்துக் கொடுக்கத் தேவையே இல்லை அண்ணே. அதன் தலைக்குள்ளேயே சுரப்பி இருக்கிறது, அதிலிருந்து இன்வர்ட்டேஸ் வருகிறது. அண்ணாச்சி கலயத்தில் ஈஸ்ட் செய்ததை இது வாய்க்குள் செய்கிறது. வெறும் வெள்ளைச் சீனி, பாதிக்குப் பாதி தண்ணீர், கரைகிற அளவு சூடு. அவ்வளவுதான்.

கோதையாறு77 · வியாழன், இரவு 9:55

அடுக்குப்பெட்டி அண்ணனிடம் முதல் நாள் கடுமையாகக் கேட்டுவிட்டேன், மனதில் வைக்கவேண்டாம். ஒரு வாடிக்கையாளனாகக் கேட்கிறேன். மார்ச்சில் உங்கள் பக்கம் ஒருவரிடம் வாங்கின தேன் அடியில் வெள்ளையாக உறைந்துவிட்டது, நெய் மாதிரி. சீனிப்பாகு கலந்ததா?

அடுக்குப்பெட்டி · வெள்ளி, காலை 6:20

ரப்பர் தேன் என்றால் உறையத்தான் செய்யும். ரப்பரில் தேன் பூவிலிருந்து வருவதில்லை, மூன்று இலை சேர்கிற காம்பில் இருக்கிற சுரப்பியிலிருந்து வருவது. தை, மாசியில் புதுத்தளிர் வரும்போது சொட்டும். அந்தத் தேனுக்கு உறைகிற குணம் அதிகம். ஏன் என்று இந்த இழையைப் படித்துத்தான் எனக்கே புரிந்தது. உறைவது குளுக்கோஸ், உறையாமல் மேலே நிற்பது ஃப்ரக்டோஸ். சரிதானே தங்கச்சி?

உறைவதை வைத்துக் கலப்படம் என்றும் சொல்ல முடியாது, உறையாததை வைத்துச் சுத்தம் என்றும் சொல்ல முடியாது. பாட்டிலை வெயிலில் வைத்துச் சூடான தண்ணீரில் நிறுத்துங்கள், இளகும். அடுப்பில் ஏற்றாதீர்கள்.

நொதிக்காரி · வெள்ளி, காலை 7:02

ரொம்பச் சரி. அந்த 42 சதவீதப் பாகும் குளிரில் இப்படித்தான் உறையும், அதனால் டாங்கியைச் சூடாகவே வைத்திருப்பார்கள்.

பனையடி · வெள்ளி, காலை 7:30

தம்பி, அந்தக் கிழங்குப்பாகை என்ன செய்தீர்?

அடுக்குப்பெட்டி · வெள்ளி, இரவு 8:15

தேங்காய் துருவிப் போட்டு வீட்டில் ஆளுக்கு ஒரு கிண்ணம் குடித்தோம் அண்ணாச்சி. கேழ்வரகு வாசனை தூக்கலாக இருந்தது, மற்றபடி குறை சொல்ல முடியாது. மீதிக் கிழங்கை வியாபாரிக்கே கொடுத்துவிட்டேன், பதினாறு ரூபாய்க்கு. ஒரு ரூபாய் ஏற்ற அரை மணி நேரம் பேச வேண்டியிருந்தது. அந்தக் காசில் ஒரு மூட்டைச் சீனி வாங்கிப் போட்டாயிற்று.

அடிமண்டியும் பெட்டாடின் விட்ட கஞ்சியும் பானையில் கொஞ்சம் இருக்கிறது. ஆட்டுக்கு ஊற்றட்டுமா?

நொதிக்காரி · வெள்ளி, இரவு 8:18

மண்டியை ஊற்றுங்கள். பெட்டாடின் விட்டதை ஊற்றாதீர்கள்!